வாட்ச்மேன் அப்பா எனக்குப் போட்ட இரண்டு லேட்

வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்கு லேட் போட்டவர் என் அப்பா.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் இருக்கும். ஓசூர் ரோடு பக்கம் ஒரு பிஸ்கட் பாக்டரி. அப்பா முனுசாமி அங்கே கேட் வாட்ச்மேன். என்னை எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்பிங்கும் படிக்க வைத்து, அதே பாக்டரி ஆபீசில் டைப்பிஸ்டாக நுழைத்தும்விட்டார். புரொபேஷனில் மூன்று லேட் விழுந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

அல்சூரில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதுமே அப்பாவுக்கு நான் 'சார்' ஆகிவிட்டேன்.

"சைக்கிள் கேரியர்ல ஏறிக்கட்டுமா நைனா?"

"ஆபீஸ் ஸ்டாஃபு வாட்ச்மேன் கேரியர்ல குந்திக்கினு வந்தா நாலு பேரு சிரிப்பாங்க சார். நடந்து வாங்க."

"அப்போ உனக்கு முன்னாடியே கெளம்பிடறேன்."

"பூட்டுன கேட்டு முன்னால ஸ்டாஃபு நிக்கறதா? நான் கெளம்பினப்புறந்தான் நீங்க கெளம்பணும்."

அவர் மிதித்தார், நான் நடந்தேன். எட்டு மணிச் சங்கு ஊதிப் பத்து நிமிஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். எழுந்து நின்று சல்யூட் அடித்தார். பிறகு லேட் புக்கைத் திறந்தார்.

"பேரு?"

"நான்தான் நைனா, ஜெயராமன்."

"தகப்பனார் பேரு?"

சொன்னேன். ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாளும் இதே கூத்து.

மூன்றாம் நாள் காலை அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். "நீங்க மிதிங்க சார், நான் கேரியர்ல குந்திக்கிறேன். மரியாதைக்கும் கொறவில்ல."

படிப்புக் கெட்டுவிடும் என்று என்னைச் சைக்கிள் தொடவிடாதவரே அவர்தான். ஓட்டத் தெரியாது என்று சொல்ல ஸ்டாஃபுக்கு வெட்கம். ஏறினேன். இரண்டாவது திருப்பத்தில் ஓர் அம்மாளின் அவரைக்காய்க் கூடைமேல் இருவரும் விழுந்தோம். அதற்குப் பிறகும் அப்பா சீட்டில் உட்காரச் சம்மதிக்கவில்லை. என்னை உட்கார வைத்து, பாக்டரி வரை தள்ளிக்கொண்டே வந்தார்.

கேட் முன்னால் மொத்தப் பாக்டரியும் நின்றிருந்தது. சாவி அப்பாவின் ஜேபியில். எல்லோருக்கும் முன்னால் மேனேஜர்.

"ஏனப்பா முனுசாமி, பாக்டரிய பூட்டிட்டு மகனுக்கு ஊர்வலமா?"

அப்பா பூட்டைத் திறந்தார். புக்கை எடுத்தார். "பேரு சொல்லுங்க சார்."

"நான் மேனேஜர்ப்பா!"

"மணி எட்டே கால் சார். பெத்த புள்ளைக்கே போட்டிருக்கேன்."

விஷயத்தைக் கேட்டு முடித்த மேனேஜர் புக்கைப் பிடுங்கி மூடினார். "இன்னிக்கு யாருக்கும் லேட் கெடையாது. நாளைலேர்ந்து இவன் உன் கேரியர்லதான் வரணும்."

"எழுத்துல குடுங்க சார்."

ஆபீசில் டைப்பிஸ்ட் நான் ஒருவன்தான். கார்பன் வைத்து மூன்று காப்பி அடித்தேன்: மேற்படி டைப்பிஸ்ட், மேற்படி வாட்ச்மேனின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வரவேண்டியது.

வேலை நிலைத்தது. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெற்றவர் கொடுக்கும் மரியாதையோடு நேரே மல்லுக்கு நிற்காதீர்கள். மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.