கை தட்டச் சொன்னவர்

என் மகள் வீட்டில் வாயை மூடமாட்டாள். கொல்கத்தாவின் பெஹாலாவில் எங்கள் ஃபிளாட்டின் கதவுக்கு உள்ளே, தமிழும் வங்காளமும் கலந்து அவள் போடும் சத்தத்தில் குக்கர் விசில்கூடக் கேட்காது. கதவைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளியில் சேர்த்ததிலிருந்து எந்த ஆசிரியையும் அவள் குரலைக் கேட்டதில்லை. "பிடிவாதம்" என்றார் ஒருவர். "வளர்ப்பு" என்றார் இன்னொருவர், என்னைப் பார்த்துக்கொண்டே. டாக்டர் மட்டும்தான், இது ஒருவகைப் பதற்றம், பேசு பேசு என்று யாரும் நெருக்காமல் இருந்தாலே பாதி சரியாகும் என்றார்.

நெருக்காத இடத்தைத் தேடித் திரிந்தபோதுதான் ஜாதவ்பூரில் அந்தக் குழந்தைகள் நாடகப் பட்டறை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஒரு கிளப்பின் ஹாலில் நடந்தது. நடத்தியவர் இளம் வங்காளிப் பெண். பிள்ளைகள் 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். முதல் நாளே சொல்லிவிட்டார்: "மனப்பாடம் கிடையாது, போட்டி கிடையாது, கடைசியில் ஷோவும் கிடையாது. விளையாடப் பிடிக்காவிட்டால் பாயில் உட்கார்ந்து பார்க்கலாம். பார்ப்பதும் சேர்ந்துகொள்வதுதான்."

என் மகள் பாயில் உட்கார்ந்தாள். வாரக்கணக்கில் உட்கார்ந்தாள். சக்கர நாற்காலியில் வரும் பெண் ராணியானாள். ஓரிடத்தில் நிற்காத பையன் டிராம் ஆனான். "நீயும் வாயேன்" என்று என் மகளை ஒருவரும் இழுக்கவில்லை.

ஒரு ஞாயிறு, ஒரு துண்டு கைமாறி வந்துகொண்டிருந்தது. வாங்குகிறவர் அதை என்னவாக வேண்டுமானாலும் ஆக்கலாம். என் மகள் எழுந்துபோய்த் துண்டை வாங்கினாள். தரையில் விரித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இல்லாத அரிவாள்மணையில் இல்லாத மீனை நறுக்க ஆரம்பித்தாள். செதில் தெறித்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேரம் பேச வந்த பையனை ஒரு முறைப்பில் விரட்டினாள். முட்டைகூட வாங்காத வீடு எங்களுடையது. இதையெல்லாம் எந்தச் சந்தையில் பார்த்து வைத்தாளோ! மற்ற பிள்ளைகள் மீன் வாங்க வரிசையில் நின்றார்கள். அவள் வாய் திறக்கவில்லை. அதை யாரும் ஒரு குறையாகக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இது இப்படியே போயிருக்கலாம். பெற்றோர்கள் விடவில்லை.

"இத்தனை மாசமா பாலிகஞ்ச்லேர்ந்து கூட்டிண்டு வரேன். ஒரு ஷோ கூட இல்லேன்னா எப்படி? மாமியார் கேக்கறா, என்ன கத்துண்டான்னு" என்றாள் என்னோடு வாசலில் காத்திருக்கும் தமிழ்க்காரி ஒருத்தி.

"ஷோ இல்லைங்கிறதாலதானே நாங்க இங்க வந்தோம்?" என்றேன்.

"உங்களுக்குச் சரி" என்றாள். அந்த 'உங்களுக்கு' எங்கே குத்தவேண்டுமோ அங்கே குத்தியது.

அவர்கள் போய் கிளப் தலைவரிடம் சொன்னார்கள். ஹாலைச் சும்மா கொடுக்கிறவர் அவர். கிளப்பின் ஆண்டு விழாவில் பிள்ளைகள் மேடையேறவேண்டும், இல்லையென்றால் ஹால் இல்லை என்றுவிட்டார். தீதி மன்றாடிப் பார்த்துவிட்டு, சில நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். விருப்பமுள்ள பிள்ளைகள் மட்டும், பழகிய விளையாட்டு மட்டும், யாரைப் பற்றியும் மைக்கில் எதுவும் சொல்லக்கூடாது. தலைவர் தலையாட்டினார்.

என் மகளிடம் கேட்டேன். "மீன் கடைன்னா வரேன்" என்றாள்.

விழாவன்று சந்தைக் காட்சி. அவள் துண்டோடு வந்து நடுமேடையில் உட்கார்ந்தாள். துண்டை விரித்தாள். மீனைக் கையில் எடுத்தாள். அப்போது ஓரத்தில் நின்ற தலைவர் மைக்கைப் பிடித்தார். "இந்தச் சின்னப் பெண்ணால் பேச முடியாது" என்றார் வங்காளத்தில், குரல் தழுதழுக்க. "ஆனாலும் எவ்வளவு தைரியமாக நம் முன்னால் வந்திருக்கிறாள், பாருங்கள்! எல்லோரும் எழுந்து கை தட்டுங்கள்."

எழுந்தார்கள். தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன்கள் உயர்ந்தன. என் மகள் எடுத்த மீனைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு துண்டை மடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

நான் மேடையேறியது எப்படியென்று நினைவில்லை. மைக்கைப் பிடுங்கியது நினைவிருக்கிறது. என் வங்காளம் காய்கறி வாங்கத்தான் போதும். கோபத்துக்குத் தமிழ்தான் வந்தது. "என் பொண்ணுக்குப் பேசத் தெரியும். நீங்க வாய மூடுனா போதும்!" ஹாலில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கைதட்டல் நின்றது.

"மேடம், நல்ல மனதோடுதானே சொன்னேன்" என்றார் தலைவர் இந்தியில், உண்மையாகவே அடிபட்டவர்போல. அந்த நல்ல மனதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. கெட்ட மனதென்றால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

ஆட்டோவில் மகள் என் மடியில் தலை வைக்கவில்லை, அழவில்லை. காதெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"பயந்துட்டியா கண்ணு?"

"பயமா?" என்று சீறினாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்நியர் முன்னால் அவள் பேசியதை நான் அப்போது கவனிக்கக்கூட இல்லை. "நான் இன்னும் ஒரு மீன்கூட விக்கல. அதுக்குள்ள எதுக்குமா கை தட்டுனாங்க?"

அவளைக் காப்பாற்றத்தான் மேடையேறியதாக நினைத்திருந்தேன். அவளுக்கோ வேலை பாதியில் கெட்டுப்போன கோபம், என்னுடையதைவிட நேரான கோபம்.

மறுநாள் காலை பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில், எங்கள் பிள்ளைகளின் நாளை ஒருத்தி கெடுத்துவிட்டாள் என்று எழுதியிருந்தார்கள். குழுவிலிருந்து வெளியேறினேன். தீதி போன் செய்து மன்னிப்புக் கேட்டார். "ஒத்துக்கிட்டிருக்கவே கூடாது நீங்க" என்று அவரிடமும் கத்தினேன். அவர் மறுக்கவில்லை.

ஹால் போய்விட்டது. இப்போது பட்டறை ஒரு வீட்டின் கார் ஷெட்டில் நடக்கிறது. பாதிப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். என் மகள் போகிறாள். அங்கே இன்னும் பேசுவதில்லை. மறுபடி பாயில்தான் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்திருக்க எவ்வளவு காலமாகுமோ தெரியாது.

அந்தத் தலைவரைச் சில ஞாயிறுகளில் தெருமுனையில் பார்க்கிறேன். கும்பிடுகிறார், பாவம் என்பதுபோல என் மகளைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் திருப்பிக் கும்பிடுவதில்லை.