அம்மாவின் சேமிப்பு வகுப்பு

எங்கள் வீட்டில் சேமிப்பதற்கு ஒன்றும் இல்லாதிருந்த காலத்தில்தான் அம்மா சேமிப்பு வகுப்பில் சேர்ந்தார்.

அப்போது நாங்கள் இருவரும் பாலையூற்றில், யாரோ ஒருவருடைய வீட்டின் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் சொந்த ஊர் தெற்கே இலங்கைத்துறை. அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்தவர். அப்பா கட்டாருக்கு வேலைக்குப் போனார். முதலில் காசும் வந்தது, குரலும் வந்தது. பிறகு காசு நின்றது. அதற்குப் பிறகு குரலும் நின்றது.

அம்மா துறைமுக வாசலுக்குக் கிட்ட இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் மரக்கறி வெட்டப் போவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டைத் திறந்து, மூடிவைத்த சோற்றைத் தின்றுவிட்டு, பொழுதுபடும்வரை தனியே இருப்பேன். எங்கள் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில் இருந்த பெண்கள் அம்மா வரும்போது கதையை நிறுத்துவார்கள். அவர் கடந்து போனதும் மறுபடி தொடங்குவார்கள். அதனால் அம்மாவும் கதைப்பதை விட்டுவிட்டார். அவர்களோடு மட்டுமல்ல, மெல்ல மெல்ல என்னோடும். சாப்பிட்டியா, படிச்சியா, படு. இவ்வளவுதான் பெரும்பாலான நாட்களில் எனக்குக் கிடைத்த பேச்சு.

வகுப்பை நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பெண்கள் ஒரு வருஷம் தங்களால் முடிந்ததை மாதாமாதம் வங்கியில் போட வேண்டும். வருஷ முடிவில் அதே அளவு காசை நிறுவனமும் போடும். இரண்டையும் சேர்த்து ஏதாவது தொழிலுக்கான பொருள் வாங்கலாம். அம்மா தையல் மெஷின் என்று சொல்லியிருந்தார். காசு போட்டால் மட்டும் போதாது, வகுப்புக்கும் வர வேண்டும். மூன்று வகுப்புத் தவறினால் நிறுவனத்தின் பங்கு கிடைக்காது.

அந்த வகுப்பு எங்கள் பக்கத்திலேயே, நடந்து போகிற தூரத்திலும் நடந்தது. ஒழுங்கைப் பெண்கள் சிலர் அங்கேதான் போனார்கள். அம்மா மட்டும் பஸ் ஏறி, பாலம் கடந்து, கிண்ணியாவில் நடந்த வகுப்புக்குப் போனார். மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு ஒருவர் பஸ்ஸுக்கு இவ்வளவு செலவழிப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வகுப்பு நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, என்னை உள்ளே விட்டு, கதவைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போவார். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சேலை ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்த பிறகும் ஜன்னலை விட்டு நகரமாட்டேன்.

கடையில் விடவில்லை என்று அம்மா ஏற்கெனவே இரண்டு வகுப்புத் தவறியிருந்தார். வருஷம் முடியும் நேரத்தில் ஒரு சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. முழங்கால் வீங்கி, காலை ஊன்ற முடியவில்லை. வகுப்பு எடுக்கும் மிஸ்ஸுக்கு ஃபோனில் கோல் எடுத்துக் கேட்டார். வீட்டில் இருந்து யாராவது வந்தால் போதும் என்று மிஸ் சொன்னாராம். எங்கள் வீட்டில் இருந்த யாராவது நான்தான்.

"பயப்பிடாத. கொண்டக்டரிட்டச் சொல்லி விடுறன். பாலம் தாண்டி இறங்கு. அம்மாக்கு எழும்ப ஏலாது எண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் கதைக்காத" என்றார் அம்மா. சொன்னபடியே, என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி பஸ் தரிப்பிடம்வரை வந்து ஏற்றிவிட்டார்.

வகுப்பு நடக்கிற மண்டபத்தில் பெண்கள் வட்டமாகப் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். அநேகமானோர் கிண்ணியாவின் முஸ்லிம் பெண்கள். நான் இன்னாருடைய மகள் என்று மிஸ் சொன்னதும் மண்டபமே கலகலத்தது. இடியப்பம் அவித்து விற்கிற ஒரு மாமி என்னை இழுத்து, அம்மாவின் கதிரையில் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"அம்மா வரல்லயா புள்ள? அவ இல்லாட்டி இண்டைக்குச் சிரிக்க ஆள் இல்லயே!"

வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் ஒவ்வொருவராக எனக்கு அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். கடை முதலாளி உப்புப் பார்க்கும்போது முகத்தை வைத்துக்கொள்கிற விதத்தை அம்மா நடித்துக் காட்டுவாராம். வட்டி என்றால் என்ன என்று மிஸ் கேட்டபோது, கூப்பிடாமல் வந்து போக மறுக்கிற விருந்தாளி என்றாராம். ஒருநாள் பாட்டுக்கூடப் பாடினாராம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் அம்மா பாடுவார் என்பதை முன்பின் தெரியாத பெண்கள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய பாடம் தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வித்தியாசம். மிஸ் பலகையில் நடுக்கோடு போட்டு, ஒவ்வொரு செலவாகக் கேட்டார். அரிசி தேவை. கேபிள் டிவி ஆசை. ஃபோனுக்குக் காசு போடுகிற ரீலோட் என்றதும் சண்டை வந்தது. தேவை என்று ஒரு பக்கம், ஆசை என்று மறுபக்கம். கடைசியில் இடியப்ப மாமி எழுந்தார்.

"இவட உம்மாவுக்கு அது தேவதான் மிஸ். அந்த மனுசனுக்கு அங்க சம்பளம் ஒழுங்காக் கிடைக்காட்டியும், வெள்ளிக்கிழம லீவு நாளையில தவறாமக் கோல் எடுக்கிறாரே. நம்பர் வேல செய்யாட்டி அவர் எங்க தேடுவாரு?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார். "என்ன மகள், போன வெள்ளியும் வாப்பா எடுத்தவர்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் பலகையைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். நான் தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குள் எரிந்தது. அப்பா கோல் எடுக்கிறார்! கிழமைக்குக் கிழமை எடுக்கிறார்! ஃபோனை அம்மா கடைக்குக் கொண்டுபோய்விடுவார். அங்கே இருந்து கதைத்து முடித்துவிடுகிறார். ஒருநாளாவது என்னிடம் தரவில்லை. பாட்டையும் சிரிப்பையும் கிண்ணியாவுக்குக் கொடுத்தார், அப்பாவின் குரலைத் தானே வைத்துக்கொண்டார். எனக்கு மிஞ்சியது மூடிவைத்த சோறு.

வீட்டில் அம்மா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். "வந்ததுக்குக் கையெழுத்து வாங்கினவையா?" என்று கேட்டார். ஓம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. இவரே எல்லாவற்றையும் மறைக்கிறபோது நான் ஏன் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

காய்ச்சல் விட்டு அவர் வேலைக்குப் போகத் தொடங்கிய கிழமையில், வெள்ளிக்கிழமை காலை கேட்டேன்.

"இண்டைக்கு ஃபோனை வீட்டில வச்சிட்டுப் போங்கோ."

"ஏன்?"

"அப்பா எடுக்கேக்க நானும் கதைக்க வேணும்."

அம்மா தலை வாரிக்கொண்டிருந்தார். சீப்பு பாதியில் நின்றது. யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. வாரி முடித்து, கொண்டை போட்டுக்கொண்டார். பிறகு ஃபோனை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தேன். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைத் தொடாமல் இருந்தேன். அப்பாவிடம் சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கினேன். எனக்குப் பல் விழுந்து முளைத்ததைச் சொல்ல வேண்டும். அம்மா என்னோடு கதைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை அடித்தது. பாய்ந்து காதில் வைத்து, "அப்பா" என்றேன். ஒரு பெண் குரல், புது ரிங்டோன் வேண்டுமானால் எந்த இலக்கத்தை அழுத்த வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனது. அதை முடிவுவரை கேட்டேன்.

அம்மா வரும்போது இருட்டிவிட்டது. விளக்குப் போடாமல் இருந்த என்னைக் கண்டு வாசலிலேயே நின்றார். "நீங்கள் எடுக்க வேண்டாம் எண்டு சொல்லியிருப்பீங்கள்!" என்று கத்தினேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என் பக்கத்தில், தரையில் இருந்தார். மூடியிருந்த சோற்றை என் பக்கம் நகர்த்தினார். அன்றிரவு இருவருமே சாப்பிடவில்லை.

கடைசி வகுப்புக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு எல்லோருக்கும் பொருட்கள் கொடுத்தார்கள். ஒருவருக்கு மாவரைக்கும் இயந்திரம், ஒருவருக்குக் கோழிக்கூடு. அம்மாவுக்குக் கறுப்பு நிறத்தில், பொன்னிறப் பூ வரைந்த கைமெஷின். அம்மா அதன் சில்லை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சகனில் சோறு வந்தது. ஐந்தாறு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி இருந்தோம்.

இடியப்ப மாமி இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் தள்ளியபடியே கேட்டார்.

"மெஷின் கிடைக்கிற கதைய உங்கட ஆளுக்குச் சொன்னீங்களா தங்கச்சி? என்ன சொன்னாரு?"

அம்மா கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். என்னைப் பார்த்தார். மாமிக்கான பதிலை என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"அவர் எடுக்கிறேல்ல ராத்தா. ரெண்டு வருஷமா ஒருக்காக்கூட எடுக்கேல்ல. நான் சும்மா சொன்னனான்."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. இனி எல்லோரும் அம்மாவைத் திட்டப் போகிறார்கள், மெஷினையும் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். வெளியே போய்விடலாம் என்று அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

மாமி, "ம்" என்றார். அவ்வளவுதான். பிறகு கறியை அம்மாவின் பக்கமாக ஒதுக்கி, "சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றார். எதிரே இருந்தவர், மெஷினுக்கு எண்ணெய் விட்டுத்தான் பாவிக்க வேண்டும், தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். மிஸ் வந்து பாடசாலைச் சட்டை தைக்க ஆட்கள் கேட்கிற ஒரு கடையைப் பற்றிச் சொன்னார். யாரோ நூல் விலையைச் சொல்ல, இன்னொருவர் மறுக்க, கதை அப்படியே போய்விட்டது. அம்மா குனிந்து, நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மூக்கு நுனியில் இருந்து சொட்டியதை அவர் துடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த மாமியின் முழங்கை அம்மாவின் முழங்கையோடு ஒட்டியே இருந்தது.

பஸ்ஸில் மெஷினைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்தோம். அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். எனக்கு அந்தப் பெண்கள்மேல் கோபமாக இருந்தது. ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டு அம்மா சொன்னதை அவர்கள் யாருமே காதில் வாங்கவில்லை என்றுதான், பாலம் கடந்து வீடு வந்து சேரும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.