பிறந்த வீட்டுக் கோடி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தெய்வானைப் பெரியம்மாவுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. இருதயம் வீங்கியிருக்கிறது, இனிக் கனமான வேலையும் குளிர்ந்த தண்ணீரும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். ரிக்‌ஷாவில் வீடு திரும்பும்வரை அவள் கேட்டது ஒன்றுதான்: மாட்டை யார் கறப்பது?

என் அப்பாவின் அண்ணன் மனைவி அவள். பெரியப்பா 1918ஆம் வருஷக் காய்ச்சலில் போனார். குழந்தை இல்லை. இந்த மலாய்த் தீவில், தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் எங்கள் பலகை வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாடு வளர்த்துப் பால் ஊற்றினாள். கோயிலுக்குப் போகிறவர்கள், துரைமார் வீட்டுச் சமையல்காரர்கள், சீனத்துக் காப்பிக்கடை என்று வாடிக்கை பெரியது. துறைமுகத்தில் மூட்டை நிறுக்கும் என் அப்பாவின் சம்பளம் வீட்டோடு சரி. நான் சென்னைக்குக் கப்பலேறியதும் பி.ஏ. முடித்ததும் அந்த மாடுகளால்தான். திரும்பி வந்து ஒரு வருஷமாகியும் நல்ல வேலை கிடைக்கவில்லை. காலையில் நான் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "பி.ஏ. பால்காரரு வர்றாரு, தண்ணி கலந்திருந்தாலும் இங்கிலீசுல கலந்திருப்பாரு" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியக்கா சொல்லுவாள். பெரியம்மா சிரிக்க மாட்டாள், திட்டவும் மாட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து சில நாள் கழித்து, வெந்நீர் கொடுக்கப் போன என்னிடம் அவள் கேட்டாள்.

"தம்பி, எனக்குக் கோடி போட ஒரு ஆளு வேணும்டா."

பெண் இறந்தால் பிறந்த வீட்டார் புதுத்துணி கொண்டுவந்து உடம்பின்மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது வராமல் பாடையைத் தூக்குவதில்லை. யாருமே இல்லாதவளுக்கு ஊரில் யாராவது ஒருத்தி பரிதாபப்பட்டு முறைக்குப் போடுவாள். பெரியம்மா பல பேருக்கு அப்படிப் போட்டிருக்கிறாள். தனக்கு அப்படி நடக்கக் கூடாது என்பதுதான் அவள் கவலை.

படித்தவன் இதையெல்லாம் பொருட்படுத்தலாமா என்று அன்றிரவு யோசித்தேன். செத்த பிறகு மேலே எந்தத் துணி கிடந்தால் என்ன? ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் படிப்பை எனக்கு வாங்கிக் கொடுத்தது யார் என்பதும் தெரியும். அவளுடைய வம்சத்தில் எங்காவது ஒருவரைக் கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல ஒழுங்காகச் செய்தால் முடிந்துவிடும் என்ற நினைப்பு.

முதலில் அவளையே கேட்டேன். அவளுடைய அப்பா முத்துவீரப்பன் சிவகங்கைச் சீமையிலிருந்து ஒரு பங்காளியோடு, கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரின் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் பங்காளி அங்கேயே தங்கிவிட்டார். இவர் மட்டும் மனைவியோடு இந்தத் தீவுக்கு வந்து, மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் யாரும் கை வைக்காத ஒரு மலைச்சரிவை வெட்டி எரித்துச் சாதிக்காய்க் கன்று நட்டார். அந்தப் பக்கத்தில் முதலில் மண்ணைக் கொத்திய தமிழ்க் குடும்பம் அதுதான் என்று பெரியம்மா சொன்னாள். கன்று மரமாகும்வரை வாழையும் மாடும்தான் சோறு போட்டன. பெரியம்மா பிறந்தது அந்தத் தோட்டத்தில்.

"சாதிக்கன்னு ஆணா பொண்ணான்னு பூக்குறவரைக்கும் தெரியாது. வருஷக்கணக்கா தண்ணி ஊத்துவோம். ஆணுன்னு தெரிஞ்சா எல்லாரும் வெட்டிருவாங்க, காய்க்காதுல்ல. எங்கப்பா வெட்டமாட்டாரு. வச்சது வச்சதுதான்னுவாரு."

உடன்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். அண்ணன்கள் இரண்டு பேர். மூத்தவர் ஆண்டியப்பன், அம்மாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனபோது இருவரும் காலராவில் இறந்தார்கள். சின்னவர் சேவுகன்.

"அவர்?"

"செத்துட்டான். காரியமெல்லாம் பண்ணியாச்சு."

எப்படி என்று கேட்டேன். மாட்டுக்குத் தவிடு கரைக்கவில்லையே என்று எழுந்து போய்விட்டாள். சேவுகன் காரியத்துக்குப் பிறகு, 1904இல், முத்துவீரப்பன் தோட்டத்தை ஒரு சீன முதலாளிக்கு விற்று, மகளை என் பெரியப்பாவுக்குக் கட்டிக் கொடுத்து, அடுத்த வருஷமே கண்ணை மூடினார். அதை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பங்காளியின் வழியில் யாராவது இருக்கலாம் என்று பத்து காவானுக்குப் படகேறினேன். கரும்பு போய் எல்லாம் தென்னையாகியிருந்தது. பங்காளியின் பிள்ளைகள் பேராக் பக்கம் ரப்பர்த் தோட்டம் தேடிப் போய்ப் பல காலமாயிற்று, எந்தத் தோட்டம் என்று சொல்ல ஆளில்லை. முத்துவீரப்பனை நினைவில் வைத்திருந்தவர் ஒருவர்தான். அங்கே சவரத் தொழில் செய்யும் அரியான். சாவுக் காரியங்களில் பங்காளிகளுக்குத் தலை சிரைப்பவர் அவர்.

"சின்னவன் காரியத்துக்கு என்னையத்தான் பாலிக் புலாவுக்குக் கூட்டிப் போனாங்க. பொணம் இல்ல. வைக்கோல்ல ஆளு மாதிரி கட்டி எரிச்சாங்க. வீட்டுல எல்லாரும் ஓடையில தலைமுழுகுனாங்க. அந்தப் பொண்ணும்தான் முழுகுச்சு, உங்க பெரியம்மா."

உடல் கிடைக்காவிட்டால் வைக்கோல் உருவம் செய்து எரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சேவுகன் கடலில் போயிருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று மட்டும் கேட்டேன். அரியான் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "அங்கேயே போய்க் கேளுங்க தம்பி. கெபுன் முத்துன்னா மலாய்க்காரங்களே வழி காட்டுவாங்க" என்றார்.

காட்டினார்கள். தமிழர் யாருமே இல்லாத அந்தச் சரிவுக்கு இன்னும் கெபுன் முத்து, முத்து தோட்டம் என்றுதான் பெயர். பாலிக் புலாவ் சந்தையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கிராம்பு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் முத்துவின் குடும்பத்தார் யாராவது உண்டா என்று மலாயில் கேட்டேன். மகன் போய்விட்டார், பேத்தி ஓடைக்கரை வீட்டில் இருக்கிறாள் என்றார். ஆண்டியப்பனின் மகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மரக்கால்களின்மேல் நின்ற சிறு வீடு. படியில் ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்து சாதிக்காயைக் கீறிச் சதையைத் தனியே எடுத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். வீடு மாறி வந்துவிட்டேன் என்று தயங்கி, முத்து வீட்டைத் தேடுகிறேன், தெய்வானை என்பவர் அனுப்பினார் என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத்தை" என்றாள். அந்தச் சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள்.

அவள் பெயர் நோர்மா. சேவுகனின் மகள். அவர் கடலில் போகவில்லை. பக்கத்துக் கிராமத்து மலாய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இஸ்லாத்துக்குப் போய் அப்துல்லா ஆனார். அந்த வாரமே அவருடைய அப்பா அவரைச் செத்தவராக்கி, வைக்கோலை எரித்து, குடும்பத்தையே தலைமுழுக வைத்தார். காய்க்காத மரத்தை வெட்டாத மனிதர் அதைச் செய்தார். தோட்டம் கைமாறிய பிறகு சேவுகன் அதே தோட்டத்தில் கூலிக்குச் சாதிக்காய் பறித்தார். தன் அப்பா நட்ட மரங்களை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை என்றாள் நோர்மா. இறந்து நான்கு வருஷமாகிறது.

ஒன்று சொன்னாள். அப்பா வருஷத்துக்கு ஒரு நாள், தைப்பூசத்தன்று, பட்டணத்துக்குப் போவாராம். தண்ணீர்மலைப் பாதையில் நின்றுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாராம். யாரைப் பார்த்தார் என்று சொன்னதில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அத்தையைப் பற்றிப் பேசுவார்.

தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் பெரியம்மா வருஷாவருஷம் மோர்ப் பந்தல் போடுவாள். நான் சிறுவயதில் அவளோடு நின்று எத்தனை பேருக்கு மோர் ஊற்றியிருக்கிறேன். அதில் எந்தக் கை அவருடையது?

திரும்பும் பஸ்ஸில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் இதை என்ன செய்வது? மதம் மாறித் தலைமுழுகப்பட்டவரின் மகள் கோடி கொண்டுவந்தால் எங்கள் தெருவில் ஒப்புவார்களா? பெரியம்மாவே ஒப்புவாளா? அவர் செத்துவிட்டார் என்றுதானே அவள் சொன்னாள். அதை அப்படியே விட்டுவிடுவதுதான் மரியாதையோ? வீடு வந்து சேரும்வரை முடிவெடுக்க முடியவில்லை. கடைசியில், இது அவளுடைய சொத்து, மறைத்து வைக்க நான் யார் என்று பட்டது.

அவள் கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

"பெரியம்மா, சேவுகன் மாமா இறந்துபோனது நாலு வருஷத்துக்கு முன்னாலதான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கன்றின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அதான் மூணு நாலு பூசமா காணோம்" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கான்னு எனக்கு எப்பவும் தெரியும். பூசத்தன்னிக்கு அந்த மரத்தடியில வந்து நிப்பான். ஒரு வருஷம் கிட்ட வந்து மோர் வாங்கிக் குடிச்சான். நான் ஊத்துனேன். பேசல. செத்தவன்கூடப் பேசக்கூடாதுல்ல."

ஆடி அமாவாசைக்கு அவள் பிறந்த வீட்டாருக்கு என்று மூன்று இலை போடுவாள். அப்பா, அம்மா, மூத்த அண்ணன். சின்ன அண்ணனுக்கு இலை போட்டதே இல்லை. உயிரோடு இருப்பவனுக்குப் படைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வருஷாவருஷம் நான் பார்த்ததுதான்.

பிறகு அவள் கிணற்றடிக்குப் போனாள். டாக்டர் சொன்னதை நினைத்து நான் ஓடி வாளியைப் பிடித்தேன். "விடு, கேட்ட தீட்டு இருக்கு" என்றாள். உறவில் ஒருவர் இறந்தது நெடுநாள் கழித்துக் காதில் விழுந்தால், கேட்ட அந்த நேரமே தலைமுழுக வேண்டும். அதற்குத்தான் கேட்ட தீட்டு என்று பெயர். நான் இறைத்து ஊற்றினேன். குளிரில் அவள் உடம்பு நடுங்கியது. போதும் என்று அவளாகச் சொல்லும்வரை ஊற்றினேன்.

தலையைத் துவட்டும்போதுதான் கேட்டாள். "புள்ளைங்க இருக்கா அவனுக்கு?"

நான் சொல்லி அனுப்ப, தைப்பூசத்துக்கு மறுநாள் நோர்மா வந்தாள். வெல்லத்தில் ஊறிய சாதிக்காய் ஒரு ஜாடி நிறையக் கொண்டுவந்திருந்தாள். பெரியம்மா அவளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடைக்கரையில் இருந்த காய்க்காத மரம் இன்னும் நிற்கிறதா என்று கேட்டாள். நிற்கிறது என்றதும் மேலே எதுவும் விசாரிக்கவில்லை. பெரியம்மாவின் சந்தை மலாய் எங்களுடையதைப்போலத்தான், கொச்சை. அதிலேயே சொல்லிவிட்டாள்: "நான் செத்தா ஒரு புதுத்துணி கொண்டுட்டு வா. நீதான் கொண்டுட்டு வரணும்." நோர்மா தன் கணவனிடம் கேட்க வேண்டும் என்றாள். கேள், ஆனால் வா என்றாள் பெரியம்மா.

இந்த ஆடி அமாவாசைக்கு நான்கு இலை போட்டாள். ஆவணியில் ஒரு காலை, பால் கறக்கும் நேரத்துக்கு எழவில்லை.

ஆள் அனுப்பினோம். நோர்மா வரும்போது குளிப்பாட்டி முடித்திருந்தது. தெருக்காரர்கள் வழிவிட்டார்கள். அவள் கையில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய துணி. பெரியவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து என்னைத் தனியே அழைத்தார்.

"தலைமுழுகுன வீட்டுலேர்ந்து கோடி ஆகாதுடா. நாளைக்கு நாம இந்தத் தெருவுல இருக்கணும்."

அப்பா கெட்டவர் அல்ல. மதினியிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மானுடம், சமத்துவம் என்று கல்லூரியில் படித்ததெல்லாம் என் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் தோற்றிருப்பேன். அவருக்குத் தெரிந்ததையே சொன்னேன்.

"பெரியம்மா கேட்ட தீட்டுக்கு முழுகுனாங்களேப்பா. நீங்களும்தான் நின்னு பாத்தீங்க. உறவு இல்லாதவங்களுக்குத் தீட்டு ஏது?"

அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்தபடி நின்றார். பிறகு உள்ளே போய், கூட்டத்துக்குக் கேட்கும்படி, "பொறந்த வீட்டுக் கோடி வந்திருக்கு, வழி விடுங்க" என்றார்.

நோர்மா காகிதத்தைப் பிரித்தாள். நீலத்தில் பெரிய பெரிய பூப்போட்ட புதுக் கைலி. பெண்கள் மத்தியில் முணுமுணுப்பு எழுந்தது. பெரியம்மா பதினேழு வருஷமாக வெள்ளையைத் தவிர வேறு உடுத்தியதில்லை. நோர்மா என்ன தப்பு என்று புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

புஷ்பவள்ளியக்கா முன்னால் வந்து துணியின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"பொறந்த வீட்டுக்கு அவ என்னைக்கும் பொண்ணுதான். போடும்மா" என்றாள்.

இரண்டு பேருமாக விரித்துப் போர்த்தினார்கள். கைலி சேலையைப்போல நீளமில்லை, பாதம்வரை வரவில்லை. நோர்மா குனிந்து அதைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள். பிறகு நாங்கள் தூக்கினோம்.