அழுக்குப் பிடித்த மரக் கேமரா

என் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்காது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? மூத்த பிள்ளைக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் நிற்க, தன் பங்காளி ஒருவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்தான். அன்றோடு ஆனைகட்டியில் அவர்கள் வீட்டுப் படி மிதிப்பதை நிறுத்தினேன்.

எழுபதுகளின் நடுவில் மறுபடி மிதிக்கவைத்தது ஒரு கேமரா. அவன் பெரியப்பா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்துச் சாமான். தேக்குப் பெட்டி, தோல் துருத்தி, பித்தளை லென்ஸ். கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் இந்த மாதிரிக் கேமராக்களை நான் பைத்தியம்போல் சேர்த்துக்கொண்டிருந்தேன். அட்டாலியிலிருந்து அதை இறக்கியதும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பெட்டியிலும் மூன்று தகட்டுச் சட்டங்களிலும் ஒரே எண்; எதுவும் மாறிப்போகவில்லை. பித்தளைமேல் கம்பெனிக்காரன் கொடுத்த பொன்நிறப் பூச்சு தூசிக்கடியில் அப்படியே இருந்தது. அந்தப் பூச்சில்தான் மதிப்பே இருக்கிறது. எனக்குத் தெரிந்த எவனிடமும் அப்படி ஒன்று இல்லை.

வாங்கும் ஆசையைக் காட்டினால் அவன் விலையை ஏற்றிவிடுவான். மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"ஏனுங்க மாப்ள, இந்த அழுக்குப் புடிச்ச சனியனை எவன் தொடுவான்?"

"தொட வேண்டாமுங்க மச்சான். கெடந்துட்டுப் போகுது" என்றான்.

திமிரைப் பார்! பத்து நாள் போனால் தானாக இறங்கி வருவான் என்று கிளம்பிவிட்டேன். தங்கை நீட்டிய காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் போனேன். வாசல் பெஞ்சில் சந்தனமும் குங்குமமுமாகத் தகதகவென்று உட்கார்ந்திருந்தது கேமரா. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பூச்சு போயே போய்விட்டது. லென்ஸ் கண்ணாடி முழுக்கக் கீறல். துருத்தி விளக்கெண்ணெயில் ஊறி ஒட்டிக் கிடந்தது.

"எந்த மடச்சாம்பிராணி வேலை இது? பாழாக்கிட்டயேடா!" என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். வேண்டுமென்றே செய்தான் என்றுதான் நினைத்தேன்.

தங்கை உள்ளிருந்து ஓடிவந்தாள். அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"நாந்தானுங்ணா. அழுக்குன்னு தொடாமப் போயிட்டீங்களேன்னு மூணு நாளாத் தொலக்குனேன். இவுங்ககிட்டயும் சொல்லிட்டேன், காசு ஒண்ணும் வேண்டாமுங்க. எடுத்துக்கிட்டுப் போங்ணா. அந்தக் காதுகுத்தை மட்டும் மறந்துருங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாவி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நல்லா மின்னுது கண்ணு" என்றேன். அவள் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் புளி வாடை அடித்தது. அழுக்கு என்று சொன்ன என் வாயை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.