டவுன்ஹால் கொட்டகையில் ஒரு தனிப்பாட்டு

காலை ஆறரைக்குக் கோவை சந்திப்பில் இறங்கினேன். ஒரு நாடகம் பார்க்க இரவெல்லாம் ரயிலேறிப் போகிறேன் என்றால் தஞ்சாவூரில் எங்கள் தெருவே சிரிக்கும். அதனால் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அழைத்தவள் சத்யா. என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்துவிட்டு, கல்யாணமாகி அவிநாசிக்குப் போனவள். பஞ்சாலை விடுதியில் தனியாகக் கிடக்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவளே எழுதி, மெட்டமைத்து, நடிக்கும் இசை நாடகம். கொட்டகைக்காரர்கள் ஒரே ஒரு மாலைதான் தந்திருந்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்தால் சனிக்கிழமைதோறும் நடத்தலாம்; இல்லையென்றால் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். காலையில் போனில் சொன்னாள்: “கடைசில ஒரு தனிப்பாட்டு வருதுங்க்கா. வரிக்கு வரி நடுவுல சத்தமே இருக்கக் கூடாது. அந்த அமைதிலதான் அவ தனிமையே இருக்குது.”

மாலை ஐந்து மணிக்கு, ஆர்.எஸ்.புரத்தில் தங்கியிருந்த அறையிலிருந்து டவுன்ஹால் கொட்டகைக்கு ஆட்டோ. மூன்று கிலோமீட்டர், நூறு ரூபாய்.

“ஏனுங்கம்மா, அங்க படந்தானுங்களே ஓடும்?” என்றார் ஓட்டுநர்.

“இன்னைக்குப் பாட்டு நாடகம்.”

“பாட்டுன்னா நல்லாத்தானுங்க இருக்கும். பாத்துப்போட்டு வாங்க.”

முதலில் நாடகக் கொட்டகை, பிறகு வெகுகாலம் சினிமா, இப்போது மறுபடி மேடை. இருநூறு ரூபாய்ச் சீட்டு. ஓட்டுக்கூரை, இரும்புத் தூண்கள், பலகை மேடை. மேடையில் செருமினால் கடைசி வரிசைக்குக் கேட்கிறது. கட்டியவர்கள் காதுள்ள மனிதர்கள்.

வாசலில் சத்யாவின் கணவர் செந்தில் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாதி சீட்டு காலிங்க்கா. எங்கூரு கும்மிக் குழுவை ரெண்டு வேன்ல வரச் சொல்லிப்போட்டேன்.” நாற்பது கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கினார்கள், கோயில் விசேஷத்துக்குப் போல எல்லோரும் ஒரே பச்சைச் சேலையில்.

ஆறு மணிக்குத் தொடங்கிய நாடகம் நன்றாகவே போனது. தனிப்பாட்டும் வந்தது. இருட்டு மேடையில் சத்யா ஒருத்தி.

“பேரு சொல்லிக் கூப்பிட ஆரிருக்கா இந்த ஊரிலே?”

பாடிவிட்டு நிறுத்தினாள். கும்மியில் முன்பாட்டுக்காரர் ஒரு வரி பாடி நிறுத்தினால், ஆடுகிறவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். பச்சைச் சேலைகள் இருந்த இடத்தில் இருந்தே கைதட்டிப் பாடின: “ஆரிருக்கா இந்த ஊரிலே?”

செந்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். சத்யா திகைத்து நின்றாள். பிறகு மேடை விளிம்புக்கு வந்து, அவர்களைப் பார்த்தே அடுத்த வரியைப் பாடினாள். பதில் வந்தது. மூன்றாவது வரிக்குக் கொட்டகையே தட்டியது. யாருமில்லை என்று பாடுகிற பெண்ணுக்கு இத்தனை பேர் பதில் சொன்னதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

திரை விழுந்ததும் கொட்டகை மேலாளர் வந்து, சனிக்கிழமைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் பின்னாலேயே ஒரு பச்சைச் சேலை அம்மாள் தயங்கித் தயங்கி வந்தார்.

“ஏங்கண்ணு, நீ வரிய உட்டுப்போட்டு நின்னியா, கை தன்னால போயிருச்சு. தப்பாயிருச்சா?”

சத்யா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “தப்புதானுங்க. சனிக்கிழமையும் வந்து இதே தப்பைப் பண்ணிப்போடுங்க.”

எங்கள் ஊர்க் கச்சேரியில் இருமினாலே முறைப்பார்கள். அதுதான் ரசனை என்று நானும் முறைத்திருக்கிறேன்.

மறுநாள் தெருவில் கேட்டார்கள், கல்யாணம் எப்படி என்று.

“பொண்ணு வீட்டுக் கூட்டம் ரொம்ப நல்ல மாதிரி,” என்றேன்.