அத்தைக்குப் படித்துக் காட்டிய கடைசி அத்தியாயம்

பொறுமையைப் புகழும் புத்தகங்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அடி வாங்கியவரிடம்தான் அவை பொறுமையைக் கேட்கும். அடித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்தக் கோபம் எனக்கு தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில், ஆறாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது எங்களோடு இருந்தாள். அத்தை வீட்டுக்காரர் வேறொருத்தியோடு புனேவுக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவரை மாமா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் குளிர்காலத்தில் அந்த மனிதர் அப்பாவுக்குப் போன் செய்து, வந்து அத்தையை அழைத்துப்போகிறேன் என்றாராம். அப்பா தத்துவப் புத்தகம் தவிர எதையும் தொடாதவர். மன்னிப்பதே பெரிய தவம் என்று அதில் அடிக்கோடிட்டிருந்ததைத் தினமும் இரவுச் சாப்பாட்டில் எடுத்துவிடுவார். அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டே சப்பாத்தியைப் பிய்ப்பாள்.

அந்த வாரம் அப்பா நூலகத்திலிருந்து ஒரு நாவலைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். "அத்தைக்குப் படிச்சுக் காட்டு. பாதியில விட்டுடாதே, கடைசி வரைக்கும் படிக்கணும்" என்றார். அத்தை தில்லியில் பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. தமிழ்ப் பள்ளிக்குப் போன நான் வீட்டில் அந்த ஒரு விஷயத்தில் பெரிய பண்டிதை.

பள்ளி விட்டு வந்ததும் வெயிலில் பாய் விரித்து உட்காருவோம். அத்தை பட்டாணி உரிப்பாள், நான் படிப்பேன். கதாநாயகியைக் கணவன் விட்டுவிட்டு ஓடிப்போகிறான். அவள் தையல் தைத்துப் பிழைக்கிறாள். "அச்சா! அப்புறம்? ஜல்தி படி" என்று அத்தை அவசரப்படுத்துவாள். அவளை அவ்வளவு கலகலப்பாக நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அந்தத் தையல்காரியை ரொம்பப் பிடித்துப்போனது.

கடைசி அத்தியாயத்தில் அவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். என் கண் வாய்க்கு முன்னால் ஓடியது. அவள் அழுதுகொண்டே அவன் காலில் விழுகிறாள். பெண்மையின் பொறுமையை நினைத்து ஆசிரியர் ஒரு பக்கம் உருகுகிறார். இவளா? மிஷின் வாங்கிப் போட்டு நாலு பேருக்கு வேலை கொடுத்தவளா விழுவாள்? அந்த ஆசிரியர் மட்டும் எதிரில் இருந்திருந்தால் பட்டாணித் தோலை வாரி அவர் தலையில் கொட்டியிருப்பேன். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "'யார் நீங்கள்?' என்று கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்" என்று படித்தேன்.

அத்தையின் கை நின்றது. "அப்படியா எழுதியிருக்கு?"

"ஆமா அத்தே."

"இன்னொரு தடவை படி."

மாட்டிக்கொண்டேன். முதலில் சொன்னது பாதி மறந்துவிட்டது. இந்த முறை அவள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, மிஷினில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். அத்தை பட்டாணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். அப்பா எழுந்து வருவதற்குள் அத்தை வாசலுக்குப் போய், "நான் வரலை. நீங்க போகலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். சமையலறைக்குப் போகிற வழியில் என் தலையைத் தொட்டு, "ரெண்டாவது தடவை படிச்சதுதான் நல்லா இருந்துது" என்றாள். திருட்டுத்தனம் பிடிபட்டுவிட்டது என்று நான் நடுங்கிப்போனேன்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த நாவலை முழுசா படிச்சுக் காட்டினியா?"

"காட்டினேன்பா."

"கடைசியில அவ அவன் கால்ல விழுவாளே, அதையும் படிச்சியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நாவலே தொடாத அப்பாவுக்கு அந்த முடிவு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.