தள்ளிப்போன ஓட்டம்

சனிக்கிழமை காலை, மகள் கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளைப் பாலிஷ் தடவிக்கொண்டிருந்தாள். கடலூரில் அவளுக்கு ஓட்டப்பந்தயம். அதே நேரத்தில் சிதம்பரத்தில் மகனுக்குச் செஸ் போட்டி. இருப்பது ஒரே கார். "பந்தயம் தள்ளிப்போச்சுன்னு சொல்லிடு, நம்பிடுவா," என்று கணவர் என் காதருகே சொன்னார்.

அந்த ஈரப் பாலிஷ் வாசனையில் என் பன்னிரண்டாவது வயது அப்படியே வந்து நின்றது. அன்றும் என் ஓட்டப்பந்தயத்துக்கான ஷூ வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. "ஓட்டத்த அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டாங்களாம்," என்றார் அப்பா. அண்ணனின் பேச்சுப்போட்டிக்காக எல்லாரும் சிதம்பரம் போனோம். அவன் பரிசு வாங்கியபோது கை வலிக்கத் தட்டினேன்.

திங்கட்கிழமை டீச்சர் கேட்டார்: "ஏண்டி வரல? உன் பேர மூணு தடவ கூப்பிட்டாங்க."

வீட்டில் போய் அழுதேன். "ஒரே நாள்ல ரெண்டு ஊருக்கு எப்படிம்மா போறது?" என்றார் அப்பா. அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவளுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

இப்போது கணவருக்கும் அதே பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

"நீங்க அவன கூட்டிட்டுப் போங்க. நாங்க பஸ்ல போறோம்," என்றேன்.

மகள் கடைசிக்கு முந்தைய ஆளாக வந்தாள். மூச்சிரைக்க ஓடிவந்து, "பாத்தியாம்மா?" என்றாள்.

"முழுசாப் பாத்தேன்."